மாலையின் விலை: இரவு விடுதி ஆடலும் ஆண்நோக்கும் – கெடாத் தோட்டப்புறத்தை முன்வைத்து

முன்னுரை

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை நம் வகுப்பறைகளில் பெரும்பாலும் ஒரு கலைக்களஞ்சியமாகவே கற்பிக்கப்படுகிறது. ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமையோன், குழலோன், யாழாசிரியன் ஆகியோரின் தகுதிகளும் அரங்கின் அளவும் தலைக்கோலின் சிறப்பும் விரிவாக விளக்கப்படுகின்றன. ஆனால் அக்காதையின் இறுதிப் பகுதி விரைந்து கடக்கப்படுவதையே நாம் காண்கிறோம். அரங்கேறிய மாதவியின் மாலை ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன் பெறும் எனக் கூறி, நகரத்துச் செல்வ இளைஞர் திரியும் மறுகில் ஒரு கூனி அதனை விலைக்கு வைத்து நிற்கிறாள். மாலையை வாங்குபவனே மாதவிக்கு உரியவன். கோவலன் அதனை வாங்கிக் கூனியுடன் மாதவி மனை புகுகிறான். ஏழாண்டுப் பயிற்சியால் பெற்ற கலைச் சிறப்பு, ஒரு மாலையின் விலையாகச் சுருங்கும் இடம் அது.

இன்று மலேசிய நகரங்கள் பலவற்றில் இந்தியத் திரையிசைக்கேற்ப ஆடும் இரவு விடுதிகள் உள்ளன. குடிநுழைவுத் துறையினர் அங்கு நடத்தும் சோதனைகள் பற்றிய நாளேட்டுச் செய்திகளில் ஒரு விவரம் அடிக்கடி இடம்பெறுகிறது. வாடிக்கையாளர் விடுதியிடம் பணம் கொடுத்து மாலை வாங்குகிறார். அம்மாலை அவர் விரும்பும் ஆடற்பெண்ணின் கழுத்தில் விழுகிறது. யாருக்கு எத்தனை மாலை விழுந்தது என்பதே அவ்விரவின் கணக்கு. காப்பியத்து மறுகுக்கும் இவ்விடுதிக்கும் இடையே நூற்றாண்டுகள் பல கழிந்துள்ளன எனினும், மாலை செய்யும் பணி மாறவில்லை.

இவ்வொற்றுமையைத் தொடக்கமாகக் கொண்டு, விடுதி ஆடலில் செயற்படும் ஆண்நோக்கினையும் பெண்ணைப் பண்டமாக்கும் போக்கினையும் கெடா மாநிலத் தோட்டங்கள், நகரங்கள் ஆகியவற்றின் சமூகச் சூழலில் வைத்து ஆராய இக்கட்டுரையில் முற்படுகிறோம். ஆடுபவளின் ஒழுக்கத்தைத் தீர்ப்பிடுவது நம் நோக்கமன்று. பார்ப்பவனும், பார்க்க வைத்துப் பணம் ஈட்டுபவனும் நம் திறனாய்விலிருந்து எவ்வாறு தப்பினர் என்பதே நம் வினா.

நோக்கும் பண்டமாக்கலும்

1972இல் ஜான் பெர்ஜர், ஐரோப்பிய ஓவிய மரபில் ஆண் பார்ப்பவனாகவும் பெண் தான் பார்க்கப்படுவதைத் தானே கண்காணிப்பவளாகவும் அமைக்கப்பட்டிருப்பதை எடுத்துக்காட்டினார். 1975இல் லாரா மல்வி இக்கருத்தைத் திரைப்படத்திற்கு விரித்தார். படப்பிடிப்புக் கருவியின் நோக்கு, கதைமாந்தனின் நோக்கு, அரங்கில் அமர்ந்திருப்போரின் நோக்கு ஆகிய மூன்றும் ஒன்றுகூடிப் பெண்ணைக் காட்சிப்பொருளாக்குகின்றன என்பது அவர் கோட்பாடு. 1995இல் மார்த்தா நுஸ்பௌம் பண்டமாக்கலின் ஏழு கூறுகளைப் பகுத்துரைத்தார். கருவியாகப் பயன்படுத்தல், தன்னுரிமையை மறுத்தல், உடைமையாகக் கொள்ளல், உணர்வுகளைப் பொருட்படுத்தாமை என்பனவற்றோடு, ஒருவருக்கு ஈடாக இன்னொருவரை வைத்துவிடலாம் எனக் கருதுதலும் அவற்றுள் ஒன்று.

இக்கோட்பாடுகளைத் தமிழ்ச் சூழலில் அப்படியே பொருத்துதல் முறையாகாது. குறளின் காமத்துப்பாலில் தலைவன் மட்டும் நோக்குவதில்லை, தலைவியும் எதிர்நோக்குகிறாள். தகையணங்குறுத்தலிலும் குறிப்பறிதலிலும் அவள் நோக்கிற்குத் தனி ஆற்றல் உண்டு. அங்கு நோக்கு இருவழிப்பட்டது. ஒருவழிப்பட்ட நோக்கு, விலை நுழையுமிடத்தில்தான் தொடங்குகிறது. மாலையை வாங்க வந்தவனை மாதவி முன்னர்ப் பார்த்துத் தேர்ந்ததாகக் காப்பியம் கூறவில்லை. எனவே நம் மரபைப் பொறுத்தவரை, 'யார் பார்க்கிறார்' என்னும் வினாவோடு 'யார் விலை கொடுக்கிறார்' என்னும் வினாவையும் சேர்த்தே எழுப்ப வேண்டியுள்ளது.

சொல்லாட்சியும் ஈண்டுக் கருதத்தக்கது. தமிழ்த் திரையிதழ்கள் பல பத்தாண்டுகளாக வழங்கிவரும் 'கவர்ச்சி நடனம்', 'கவர்ச்சி நடிகை' என்னும் தொடர்களில் செயல் முழுவதும் பெண்மீது ஏற்றப்பட்டுள்ளது. கவர்பவள் அவள், கவரப்படுபவன் செயலற்றவன். பார்த்தல் என்னும் ஆணின் செயலைக் குறிக்க அத்தொடர்களில் இடமேயில்லை. பழியைச் சுமப்பவர் யார் என்பதைச் சொல்லே முடிவு செய்துவிடுகிறது.

பெரட்டுக் களமும் வெண்திரையும்

பீடோங், சுங்கை பட்டாணி, பாடாங் செராய், லூனாஸ், கூலிம் எனப் பரவியிருந்த கெடாவின் இரப்பர்த் தோட்டங்களில் வாழ்க்கை பெரட்டுக் களத்தில் தொடங்கியது. விடியுமுன் தொழிலாளர் வரிசையில் நிற்பர். கிராணி பெயர் கூப்பிடுவார். தண்டலும் கங்காணியும் மேற்பார்ப்பர். துரையின் பார்வை அனைவர்மீதும் படும். பார்க்கப்படுதல் அங்கு அன்றாடக் கடமை. உடல்நலம், உழைக்கும் திறன், வேலைக்கு வராமை ஆகிய அனைத்தும் அப்பார்வையால் அளக்கப்பட்டன.

அப்பார்வை பெண்மீது இருமடங்காக விழுந்தது. 1941இல் சிலாங்கூர், கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள், கூலி உயர்வோடு, தோட்டப் பெண்கள்மீது மேலதிகாரிகள் நிகழ்த்திய பாலியல் அத்துமீறலை நிறுத்த வேண்டும் என்பதும் இடம்பெற்றது. கூலிக் கோரிக்கைக்கு நிகராக அது வைக்கப்பட்டது என்பதே அதன் தீவிரத்தை உணர்த்தும். தோட்டப் பெண்ணின் உடல்மீதான நோக்கு, ஆண்நோக்காக மட்டுமின்றி முதலாளித்துவ, இன அதிகார நோக்காகவும் இருந்தது.

இப்பின்னணியில் தோட்டத்துப் படக்காட்சியை எண்ணிப் பார்க்கலாம். 1960களிலும் 1970களிலும் திடலில் வெண்திரை கட்டிப் படம் காட்டுவது தோட்டத்துப் பெருநிகழ்வு. குடும்பம் குடும்பமாகப் பாய் விரித்து அமர்ந்தனர். அத்திரையில் விஜயலலிதாவும் ஜோதிலட்சுமியும் பின்னர் ஜெயமாலினியும் விடுதிகளில் ஆடினர். காலையில் வரிசையில் நின்று பார்க்கப்பட்ட ஆண், இரவில் பார்ப்பவனானான். பகலெல்லாம் மேலாளின் உடைமையாயிருந்த நோக்கு சில நிமிடங்களுக்கு அவனுக்கும் உரியதாயிற்று. இது ஒரு விளக்கமேயன்றி அவனுக்கான வாதமன்று. அடக்கப்பட்டவன் பெற்ற அந்தச் சிறு அதிகாரத்தின் விலையை மற்றொருத்தியே கொடுத்தாள்.

மல்வியின் கோட்பாடு விட்டுச்சென்ற இடைவெளியும் இங்கேயே தெரிகிறது. அதே பாயில் தோட்டப் பெண்ணும் அமர்ந்திருந்தாள். அவள் எதைப் பார்த்தாள்? 1981இல் மல்வியே பெண் பார்வையாளரைப் பற்றி மீண்டும் எழுத நேர்ந்தது. 1992இல் பெல் ஹூக்ஸ், வெள்ளையர் திரைப்படங்களைக் கறுப்பினப் பெண்கள் எதிர்நோக்குடன் பார்த்ததை விளக்கினார். தோட்டப் பெண்ணின் பார்வையிலும் நாணம், வெறுப்பு, ஆடையைப் பற்றிய வியப்பு, 'வயிற்றுப் பாட்டுக்கு ஆடுகிறாள்' என்னும் இரக்கம் ஆகியன ஒருங்கே இருந்திருக்கக் கூடும். உழைப்பை அறிந்தவளுக்கு ஆடலும் உழைப்பாகத் தெரிந்திருக்கும். அப்பார்வையைப் பதிவு செய்யாதது நம் ஆய்வுலகின் குறையே.

திரையில் விடுதி ஆடல்

திரைப்படங்கள் சிலவற்றை இந்நோக்கில் அணுகலாம். 1968இல் வெளிவந்த 'தில்லானா மோகனாம்பாள்' மாதவியின் கதையை மீண்டும் எழுதிய படம் எனலாம். மோகனாவின் ஆடலைப் பார்ப்போருள் மைனரும் மகாராசாவும் உள்ளனர். வைத்தி, காப்பியத்துக் கூனியின் இடத்தில் நிற்கும் தரகன். தாய் வடிவாம்பாள் விலையை அறிந்தவள். மோகனா மாலைக்கு உடன்பட மறுக்கிறாள். அவள் மறுப்பைப் படம் போற்றுகிறது. ஆனால் அதே படத்தில் மனோரமா ஏற்ற ஜில் ஜில் ரமாமணி என்னும் நாடகக்காரியும் வருகிறாள். அவளுக்கு மறுக்கும் வசதி இல்லை. அன்பும் நகைச்சுவையும் நிறைந்தவளாக அவள் காட்டப்பட்டாலும், மானம் என்னும் பெருங்கதை மோகனாவுக்கே ஒதுக்கப்பட்டுள்ளது. செவ்வியல் ஆடலுக்கு மானமும் பொதுமேடை ஆடலுக்குச் சிரிப்பும் எனப் படம் பங்கிடுகிறது.

1978இல் வந்த இந்திப் படமான 'டான்', 1980இல் தமிழில் 'பில்லா' ஆயிற்று. இந்திப் படத்தில் ஹெலன் ஏற்ற பெண், கொலைகாரத் தலைவனைக் காவலர் வரும்வரை தடுத்து நிறுத்தவே ஆடுகிறாள். இங்கு ஆண்நோக்கே அவள் ஆயுதம். பார்ப்பவன்தான் சிக்குண்டவன். எனினும் அவள் திட்டம் தோற்று, அவள் உயிரும் போகிறது. நோக்கைத் தன்வயப்படுத்த முயலும் பெண்ணுக்கு இவ்வகைப் படங்கள் நீண்ட ஆயுளைத் தருவதில்லை. 2007இல் 'பில்லா' மறுபடியும் எடுக்கப்பட்டபோது கதைக்களம் மலேசியாவாகவே அமைந்தது. தமிழ்த் திரையின் இரவு விடுதி நம் நாட்டிற்கே வந்து சேர்ந்தது. ஆயினும் இந்நாட்டில் அவ்வாறு ஆடிப் பிழைப்போரின் நிலை அப்படத்தின் கருப்பொருளன்று.

விஜயலட்சுமி என்னும் இயற்பெயருடைய சில்க் ஸ்மிதாவின் திரைவாழ்வு இவ்வாய்வுக்கு இன்றியமையாதது. 1980இல் 'வண்டிச்சக்கரம்' படத்தில் சாராயக்கடைப் பெண்ணாக அவர் ஏற்ற பாத்திரத்தின் பெயரே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. பாத்திரம் நடிகையை விழுங்கியது என்பதற்கு இதனினும் வெளிப்படையான சான்று வேண்டியதில்லை. 1981இல் 'அலைகள் ஓய்வதில்லை' படத்தில் ஆடல் ஏதுமின்றி அழுத்தமான மனைவி வேடத்தில் தம் நடிப்பாற்றலை அவர் நிறுவினார். அதன்பின்னும் அவரைத் தேடி வந்தவை பெரும்பாலும் ஆடல்களே. 1982இல் வந்த 'மூன்றாம் பிறை'யில் முதிய கணவனை மணந்த இளம்பெண்ணாக, நாயகன்மீது விழைவு கொண்டவளாக வருகிறார். படத்தின் புகழ்பெற்ற ஆடல் அவள் கற்பனையில் நிகழ்வது. விழைபவள் அவள், எனவே நோக்கும் அவளுடையதாக இருந்திருக்க வேண்டும். ஆனால் படப்பிடிப்புக் கருவி அவள் கண்ணாக நின்று நாயகனைப் பார்ப்பதைவிட, அவள் உடலையே மிகுதியாகப் பார்க்கிறது. பெண்ணின் விழைவைச் சொல்ல வந்த காட்சியும் ஆணின் விழைவுக்கே விருந்தாயிற்று. ஸ்மிதா 1996 செப்டம்பர் 23ஆம் நாள் சென்னையில் மறைந்தார். 2011இல் அவர் வாழ்வைத் தழுவி இந்தியில் 'தி டர்ட்டி பிக்சர்' எடுக்கப்பட்டது. மறைந்த பின்னும் அவர் காட்சிப்பொருளாகவே நீடித்தார்.

சீட்டிலிருந்து மாலைக்கு

திரைக்கு வெளியேயும் மலாயாவில் இதற்கு ஒரு வரலாறு உண்டு. சிங்கப்பூரிலும் பினாங்கிலும் இயங்கிய கேளிக்கைப் பூங்காக்களின் ஆடற்கூடங்களில் ஆண்கள் சீட்டு வாங்கி, ஒரு சீட்டுக்கு ஓர் ஆட்டம் என்னும் கணக்கில் ஆடற்பெண்களுடன் ஆடினர். அத்தகைய ஆடற்பெண்ணாகத் தொடங்கிய ரோஸ் சான், 1950களில் ஆடை களையும் ஆட்டத்தால் நாடறிந்தவரானார். ஈப்போவில் மேடையில் தற்செயலாகக் கச்சு அறுந்தபோது எழுந்த ஆரவாரமே அவரை அத்துறைக்குத் திருப்பியது என்பர். தம் குழுவுடன் ஊரூராகச் சென்று ஆடிய அவர், ஈட்டிய பணத்தில் ஒரு பகுதியை அறப்பணிகளுக்கு வழங்கினார். 1987இல் மார்புப் புற்றுநோயால் இறந்தார்.

ரோஸ் சானை வெறும் பலியாளாகக் காண்பதும் வெறும் வெற்றியாளராகக் காண்பதும் ஒருசேரக் குறையுடையன. தம் குழுவுக்குத் தாமே தலைவியாக இருந்தமையால் விலையை அவரே ஓரளவு நிருணயித்தார். பார்க்கப்படுபவளாக இருந்துகொண்டே பணப்பெட்டியின் திறவுகோலையும் தம்மிடம் வைத்திருந்தார். பண்டமாக்கல் அனைவர்க்கும் ஒரே அளவினதன்று என்பதை அவர் வாழ்வு காட்டுகிறது.

மாலை முறை இதற்கு மாறானது. தமிழர் வாழ்வில் மாலை இறைவனுக்கும் மணமக்களுக்கும் மாண்டவர்க்கும் சான்றோர்க்கும் உரியது. மதிப்பின் அடையாளமான அதுவே விடுதியில் விலைச்சீட்டாகிறது. பணத்தை நேரே கொடுத்தால் தெரியும் இழிவு, மாலையாகக் கொடுத்தால் மறைகிறது. வாங்குபவன் தன்னைப் புரவலனாகக் கருதிக்கொள்ள இயலுகிறது. மாலை ஒருத்தியிடமிருந்து இன்னொருத்திக்கு மாறுவதில், ஒருவருக்கு ஈடாக இன்னொருவர் என்று நுஸ்பௌம் சுட்டிய கூறும் வெளிப்படுகிறது. மேலும், சமூக வருகை அனுமதியில் அழைத்து வரப்பட்டவர், கடவுச்சீட்டு பிறர் கையில் இருப்பவர், பயணச் செலவைக் கடனாகச் சுமப்பவர் ஆகியோரின் ஆடலில் தன்விருப்பம் எவ்வளவு என்பதை மேடையை மட்டும் பார்த்து அறிய இயலாது.

வாங்குபவன் யார் என்பதையும் நாம் கேட்கத்தான் வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபின், கெடாத் தமிழர் சுங்கை பட்டாணி, கூலிம் நகரங்களின் விளிம்புகளில் குடியேறினர். 1996இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா தொடங்கப்பட்டது. தோட்டத்து மகளிர் தொழிற்சாலைப் பேருந்துகளில் ஏறினர். தனியே பயணம் செய்து சம்பாதித்த பெண்ணை ஊர் ஐயத்துடன் நோக்கியது. மலாய்ச் சமூகத்தில் 'மினா காரான்' என்னும் ஏளனப் பெயர் மின்னணுத் தொழிற்சாலைப் பெண்களுக்கு வழங்கியது. ஆலைக்குச் செல்லும் மகளின் ஆடையை அளக்கும் கண்ணும், விடுதியில் மாலை வாங்கும் கண்ணும் ஒருவனுடையதாகவே இருக்கக் கூடும். ஒன்று காவல் எனவும் மற்றொன்று கேளிக்கை எனவும் பெயர் பெறுகிறது. இரண்டிலும் பெண்ணின் உடலை மதிப்பிடும் உரிமை தனக்கே உண்டு என்னும் எண்ணம் பொதுவாக உள்ளது.

தடையும் காப்பும்

இத்தகைய ஆடலைத் தடை செய்தால் சிக்கல் தீரும் என்பர் சிலர். அவர்தம் அறச்சினத்தை நாம் எளிதில் ஒதுக்கிவிட இயலாது. 1940களின் இறுதியில் பீடோங் வட்டாரத்தில் எழுந்த தொண்டர் படை கள்ளுக்கடைகளுக்கு எதிராகப் போராடி, 1947இல் காவல்துறையின் ஒடுக்குமுறையை எதிர்கொண்டது. கள் தோட்ட நிருவாகத்துக்கு ஆதாயமாகவும் தொழிலாளிக்குக் கேடாகவும் இருந்ததை அவர்கள் உணர்ந்திருந்தனர். அவர்களின் எதிர்ப்பு கடையின்மீதும் கடையை நடத்திய அமைப்பின்மீதும் சென்றது என்பதை நாம் மறத்தலாகாது.

தமிழகத்தில் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சி 1947ஆம் ஆண்டின் சென்னைத் தேவதாசி ஒழிப்புச் சட்டமாகக் கனிந்தது. அம்மரபில் துன்புற்ற மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஒழிப்பை வற்புறுத்தினார். அதே மரபில் வந்த பெங்களூர் நாகரத்தினம்மாள் அதனை எதிர்த்தார். ஆடிய பெண்களே ஒரே குரலில் பேசவில்லை. சட்டத்திற்குப்பின் ஆடல் உயர்குடியினரின் மேடையில் மதிப்புப் பெற்றது. முன்னர் ஆடியவருள் பலர் மேடை இழந்தனர்.

மும்பை இதற்கு அண்மைக்காலச் சான்று. 2005இல் மகாராட்டிர அரசு மதுக்கூட ஆடலைத் தடை செய்தது. ஆனால் மூன்று நட்சத்திரமும் அதற்கு மேற்பட்ட தகுதியும் உடைய விடுதிகளுக்கு விலக்கு அளித்தது. செல்வர் பார்த்தால் கலை, எளியவர் பார்த்தால் ஆபாசம் என்னும் இப்பாகுபாட்டை 2006இல் பம்பாய் உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. 2013இல் உச்ச நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதி செய்தது. தடையால் வாழ்விழந்த பெண்களின் நிலை அத்தீர்ப்புகளில் கருத்திற் கொள்ளப்பட்டது. 2016இல் அரசு புதிய சட்டம் இயற்றியது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தின் கடுமையான விதிகள் சிலவற்றை நீக்கியது. எனினும் ஆடுபவர்மீது பணத்தாள்களை வாரியிறைப்பதற்கான தடையை நிலைநிறுத்தி, அன்பளிப்பு வழங்க இசைந்தது. தொழிலைத் தடுக்காமல் இழிவைத் தடுக்க முயன்ற வேறுபாடு இதில் புலனாகிறது.

கெடாவில் 2011இல் மாநில அரசு, 1997ஆம் ஆண்டுக் கேளிக்கைச் சட்டத்தின்கீழ் நோன்பு மாதத்தில் கேளிக்கை விடுதிகளை மூடப் பணித்தது. எதிர்ப்பு எழுந்தபின் முசுலிம் அல்லாதோரைப் பொறுத்தவரை அது விலக்கிக்கொள்ளப்பட்டது. அன்றைய விவாதத்தில் சமய உணர்வும் வணிக உரிமையும் முதன்மை பெற்றன. உள்ளே பணிபுரிந்த பெண்களின் ஊதியம், பாதுகாப்பு ஆகியன அவ்விவாதத்தின் ஓரத்திலேயே நின்றன. 2007ஆம் ஆண்டின் மனிதக் கடத்தல் எதிர்ப்புச் சட்டம் போன்றவை நம்மிடம் உள்ளன. ஆயினும் சோதனையில் பிடிபடும் பெண், குடிநுழைவுக் குற்றம் புரிந்தவளா, கடத்தலுக்கு ஆளானவளா என்பது முறையாக வினவப்பட்டாலன்றி அச்சட்டம் அவளைச் சென்றடையாது.

முடிவுரை

சோதனைச் செய்திகளோடு நாளேடுகள் வெளியிடும் படங்கள் ஒரே வகையின. தரையில் பெண்கள் வரிசையாக அமர்ந்திருப்பர். கூந்தலாலும் கைகளாலும் முகத்தை மூடியிருப்பர். எதிரே அதிகாரிகள் நிற்பர். மாலை வாங்கியவர் பெரும்பாலும் படத்தில் இரார். அவ்வரிசையைக் காணும்போது பெரட்டுக் களமே நம் நினைவுக்கு வருகிறது. விடுதியில் அவர்களைப் பார்த்து முடித்த கண்களுக்குப்பின், மறுநாள் காலை உணவின்போது அவர்களைப் பார்ப்பது நம் கண்களே. விடுதிக்குச் செல்லாத நாமும் அந்நோக்கிலிருந்து விடுபட்டவரல்லோம்.

எனவே இத்துறையில் நம் திறனாய்வு மூன்று பணிகளை மேற்கொள்ள வேண்டும். திரைப்பட ஆடலை ஆராய்கையில் ஆடையின் அளவை விடுத்து, யார் கண் வழியாக நாம் பார்க்கிறோம் என்பதை ஆராய்தல் வேண்டும். தோட்டத்திலும் ஆலையிலும் உழைத்த பெண்கள் அப்படங்களை எவ்வாறு பார்த்தனர் என்பதை, அத்தலைமுறை மறையுமுன் கெடாவில் நேரில் கேட்டுப் பதிவு செய்தல் வேண்டும். விடுதி ஆடலைப் பற்றிப் பேசும்போது ஊதியம், கடவுச்சீட்டு, கடன், வெளியேறும் உரிமை ஆகியவற்றை ஒழுக்கத்திற்கு முன் வைத்துப் பேசுதல் வேண்டும்.

மாதவி பின்னர்த் துறவு பூண்டாள். தன் மகள் மணிமேகலையைக் கணிகையர் வாழ்விலிருந்து விலக்கினாள். தன்னை விலைப்படுத்திய மாலைக்கு அவள் அளித்த விடை அதுவே எனலாம். அந்த விடையைத் தேடும் சுமை அவள் ஒருத்திமீதே விழுந்தது. அரங்கேற்று காதையை இனி நாம் கற்பிக்கும்போது, தலைக்கோலின் நீளத்தை விளக்குவதோடு நில்லாமல், மாலையை விற்க மறுகில் நிறுத்தியவர் யார், வாங்கியவன் எவ்வாறு பழியின்றிப் போனான் என்னும் வினாக்களையும் மாணவர்முன் வைப்போமாக.